இடுப்பளவுச் சுவர்

மழை வருமான்னு என்னைப் பார்த்தா கேக்கறீங்க? எங்க தெருவுல இதைக் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாங்க தம்பி. மாசி மாசத்து மேகம் இது. சும்மா பூச்சி காட்டிட்டுப் போயிரும். பயப்படாதீங்க, நான் சொல்றேன்ல. ஆனா எதுக்கும் ஜன்னலை இறக்கி விட்டுருங்க. நான் சொன்னதுக்கு நேர்மாறா நடக்கறதுதான் வழக்கம்.

இந்தப் பையை இப்படிக் காலடியில வெச்சுக்கட்டுமா? மேல போட்டா பழம் நசுங்கிரும். சீர்ப் பழம். அம்பத்தூர் போறேன். நாளைக்கு எங்க பொண்ணைக் கைக்குழந்தையோட கொண்டுபோய் மாமியார் வீட்டுல விடற நாள். பொண்ணு எங்க இருக்கான்னுதானே கேக்கறீங்க? அம்பத்தூர்லதான். மாமியார் வீட்டுலதான். அப்புறம் எங்கேர்ந்து எங்க கொண்டுபோய் விடப் போறேன்னு யோசிக்கறீங்க. முகத்துலயே தெரியுது. நானும் ரெண்டு வாரமா அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். டிராஃபிக்கு நகர்ற மாதிரி தெரியலை, சொல்றேன் கேளுங்க.

என் பேரு கோதண்டம். பஸ் டிப்போவுல மெக்கானிக்கா சேர்ந்து ஃபோர்மேனா ரிடையர் ஆனவன். இந்த பஸ்ஸு செகண்ட் கியர்ல முனகுது பாருங்க, கிளச் போகப் போகுது. அதை விடுங்க. வீடு தாம்பரத்துக்கு மேற்கால, ஏரிக்கரை மூணாவது தெரு. ஏரிக்கரைத் தெருன்னு போர்டு வெச்சிருக்கானே, ஏரி எங்கடான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. நான் மனை பார்க்கப் போனது பங்குனி வெயில்ல. மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. "இங்க தண்ணியெல்லாம் எப்படிங்க?"ன்னு புரோக்கரைக் கேட்டேன். "தண்ணிக்கு மட்டும் குறையே இருக்காதுங்க"ன்னாரு. மனுஷன் பொய் சொல்லலை தம்பி.

அதனால மத்த வீட்டுல ஆவணி பொறந்தா கல்யாணப் பத்திரிகை வரும், எங்க வீட்டுல ஏணி வரும். வெயில் கடைசியா நல்லா காயற நேரம் அது, ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. எங்க வீட்டம்மா சுலோச்சனா மொட்டை மாடியில ஒரு பக்கம் மிளகாய் காய வைப்பா, ஒரு பக்கம் வடகம் பிழிவா. புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு ஜாடியில அடைப்பா. போர்வையெல்லாம் ஊற வெச்சு மிதிச்சுத் துவைப்பா. அரிசி பருப்பைப் புடைச்சு டின்னுல போடுவா. பையன் தினகர் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, தூங்காம, முருங்கைக் கிளையை வெட்டுவான். காத்துல முறிஞ்சா நேரா கரண்ட் கம்பியில விழும், அதுக்குத்தான். அப்புறம் பக்கச் சாக்கடையில மண்ணை வாருவான், மோட்டாரைக் கழட்டி மேடையில ஏத்துவான். கேஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில கட்டுவோம். கட்டலைன்னா அது மிதந்து ஊர்வலம் போயிரும். ஃபிரிட்ஜுக்கு நானே இரும்புல ஒரு ஸ்டாண்டு வெல்டிங் பண்ணி வெச்சிருக்கேன், நல்ல உசரம். அதுல ஏத்திட்டா சுலோச்சனாவுக்கு மேல் தட்டு எட்டாது. பால் எடுக்கணும்னா முக்காலி போட்டு ஏறணும். பொங்கல் வரைக்கும் எங்க வீட்டுல காபி குடிக்கறது மலையேற்றம் மாதிரி.

நான் என்ன செய்வேன்னு கேக்கறீங்களா? மேற்பார்வை. சிரிக்காதீங்க தம்பி, மேற்பார்வை இல்லாம எந்த வேலையும் நடக்காது. நான் கீழ நின்னுக்கிட்டு "இடது பக்கம், இடது பக்கம்"னு சொல்லலைன்னா தினகர் பாத்திர மூட்டையைப் பரண்ல வலது பக்கம் வெச்சுருவான். வலது பக்கம் வெச்சா என்ன ஆகும்னு அவனும் ஒரு தடவை கேட்டான். அப்பாகிட்ட எதிர்த்துப் பேசாதேன்னுட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் புரட்டாசி கடைசியில வாசக்காலுக்குக் குறுக்கால ஒரு சின்னச் சுவர் வெச்சுருவாங்க. செங்கல்லை அடுக்கி, சும்மா பேருக்கு ஒரு பூச்சு. முழங்கால் உசரம் இருக்கும். வெளிய தண்ணி ஏறினா உள்ள வராம தடுக்கும். நாம தாண்டித் தாண்டிப் போய் வந்துக்கலாம். மழைக்காலம் முடிஞ்சதும் நாலு தட்டு தட்டினா பொலபொலன்னு விழுந்துரும், கல்லை எடுத்து அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கலாம். தபால்காரர்லேர்ந்து கேபிள்காரர் வரைக்கும் எல்லாரும் தாண்டப் பழகினவங்க. நாயிங்ககூட தாண்டும்.

போன வருஷம் எங்க பொண்ணு கற்பகம் முழுகாம இருந்தா. தலைப்பிரசவம். கார்த்திகையில நாள் குறிச்சிருந்தாங்க. ஆவணியில வளைகாப்பு, அம்பத்தூர்ல மாப்பிள்ளை வீட்டுல. மாப்பிள்ளை நந்தகோபால் தங்கமான பிள்ளை. சம்மந்தியம்மா திலகவதி, வீட்டுக்காரர் இல்லை, தனியா நின்னு பிள்ளையை ஆளாக்கினவங்க. நாலாவது மாடி, லிஃப்டு இருக்கு, ஆசுபத்திரி எதிர் சாரியில. வளையல் அடுக்கி முடிச்சு, அஞ்சு வகை சாதம் போட்டாங்க. சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்தம்மா மெதுவா, "அண்ணே, மழைக்காலமா இருக்கே. பிரசவம் முடியற வரைக்கும் கற்பகம் இங்கயே இருக்கட்டுமே. அண்ணியும் வந்து கூட இருக்கட்டும்"னாங்க.

அவங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க. இப்போ எனக்குத் தெரியுது. அப்போ எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னா, 'உன் வீட்டுக்குள்ள தண்ணி வரும்டா'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லாம சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. சுருக்குன்னு ஆயிருச்சு. வாழ்க்கை முழுக்க டியூட்டி பார்த்துக் கட்டின வீடு தம்பி. பெத்த பொண்ணுக்குத் தலைப்பிரசவம் பார்க்க லாயக்கில்லாத வீடுன்னா, அப்புறம் அது என்ன வீடு, நான் என்ன அப்பன்? கையைத் துடைச்சுக்கிட்டு சபையில நின்னு சொன்னேன்: "தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதாங்க. அதுதான் முறை. இந்த வருஷம் என் வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வராது. அதுக்கு நான் பொறுப்பு."

வளையல்காரம்மாகூட கை தட்டினாங்க. கற்பகம் அம்மாவைப் பார்த்தா. சுலோச்சனா சம்மந்தியம்மாவைப் பார்த்தா. மூணு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டோம். அந்த வருஷ ஏற்பாடு இருக்கே, சும்மா சொல்லக் கூடாது, டிப்போவுல மந்திரி வர்றப்பகூட நாங்க அப்படி வேலை செஞ்சதில்லை. கட்டிலுக்குக் கீழ நாலு காலுக்கும் கல்லு. அதுமேல கற்பகம் ஏறி உக்கார ஒரு முக்காலி. மொட்டை மாடி விரிசலுக்கெல்லாம் தார். சுலோச்சனா பிரசவ லேகியம் கிளறினா, ஓமம் வறுத்துப் பொடிச்சா, என் பழைய வேட்டியெல்லாத்தையும் வெந்நீர்ல துவைச்சுக் குழந்தைக்குத் துணி கிழிச்சா. நான் கட்டியிருந்த ஒண்ணு தவிர மிச்சம் எல்லாம் போச்சு. ஞாயித்துக்கிழமையானா தினகர்கிட்ட ஒரு பை கொடுத்து அம்பத்தூருக்கு அனுப்புவா. என்னடி அதுன்னு கேட்டா, "சம்மந்தி வீட்டுக்குக் கொஞ்சம் வடகம்"பா. வாரா வாரம் வடகம். எத்தனை வடகம்தான் தின்பாங்க அந்தம்மா? ரெண்டு கையாலயும் தூக்கிட்டுப் போறான் பையன். ஆனா ஒண்ணு, அப்படிக் கொடுத்துக் கொடுத்துப் பரண் காலியாயிருச்சு, என் சாமானுக்கு இடம் கிடைச்சுது. என் திட்டம் எப்படி வேலை செய்யுது பாருன்னு அவகிட்ட பெருமையா சொன்னேன்.

புரட்டாசி கடைசியில சுவர். வருஷா வருஷம் தினகர்தான் வெப்பான். இந்த வருஷம் நீ தள்ளுடான்னு சொல்லிட்டு நானே கரண்டியைப் பிடிச்சேன். முழங்கால் உசரம் எப்படிப் பத்தும்? பொண்ணு இருக்கால்ல. தொடை வரைக்கும் வெச்சேன். எட்ட நின்னு பார்த்தேன், மனசு கேக்கலை. இடுப்பு வரைக்கும் ஏத்தினேன். செங்கல்லை அடுக்கிப் பூசறதெல்லாம் மத்தவங்களுக்கு. நான் சிமெண்டைத் தாராளமா கலந்து, நடுவுல கம்பி கொடுத்து, ரெண்டு பக்கமும் பூசி, வேளைக்கு வேளை தண்ணி ஊத்திப் பதப்படுத்தினேன். எதிர் வீட்டு அந்தோணிசாமி வந்து பார்த்துட்டு, "அண்ணே, இது மழைக்கா, யுத்தத்துக்கா?"ன்னு கேட்டான். பொறாமை.

உள்ள ஒரு மரப் படி, வெளிய ஒரு மரப் படி. ஏறி இறங்கிக்கலாம். சுலோச்சனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "என்னாங்க, இவளுக்கு வலி வந்தா?"

"அதுக்குத்தான்டி படி"ன்னேன்.

அவ சுவத்தையும் பார்த்தா, பொண்ணு வயித்தையும் பார்த்தா. "சரிங்க"ன்னு உள்ள போயிட்டா. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை ரெண்டு பையா வடகம் போச்சு.

ஐப்பசியில மழை சுமாரா பெஞ்சுது. தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தற அளவுக்கு வானம் விட்டுச்சு. எனக்கு மனசுக்குள்ள கொஞ்சம் ஏமாத்தம்தான். இவ்வளவு பெரிய சுவத்தைக் கட்டி வெச்சிருக்கோம், மழை வந்தாத்தானே தெரியும்? அப்படி நினைச்சேன் தம்பி. எந்த அப்பனாவது நினைப்பானா? நான் நினைச்சேன்.

கார்த்திகை பொறந்ததும் பிடிச்சுது பாருங்க. ராத்திரியெல்லாம் கொட்டித் தீர்த்துச்சு. காலையில தெருவுல தண்ணி. வீட்டு வீட்டுக்கு முழங்கால் சுவத்தை நக்கிக்கிட்டு நிக்குது. நான் வெளிப் படியில நின்னு பார்க்கறேன், என் சுவத்துல பாதிகூட ஏறலை. உள்ள தரை காஞ்சு கிடக்கு. "சுலோச்சனா, வந்து பாருடி! கற்பகம், அப்பன் கட்டின சுவத்தைப் பாரும்மா!"ன்னு கத்தறேன். அந்தோணிசாமியைப் பார்த்துக் கையை ஆட்டறேன். அவன் தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கறான். அவன் வீட்டுச் சுவர் விளிம்பு வரைக்கும் வந்துருச்சு.

அப்போதான் உள்ளேர்ந்து கற்பகம் குரல். "அப்பா, பாத்ரூம்ல ஏதோ குபுகுபுன்னு சத்தம் கேக்குதுப்பா."

வாசலை அடைச்சேனே தவிர, வீட்டுக்கு இன்னொரு வாசல் இருக்கறதை மறந்துட்டேன். சாக்கடை ரொம்பினதும் தண்ணி குழாய் வழியா எதிர்த்துக்கிட்டு பாத்ரூம் ஓட்டையில மேல வருது. ஊத்து மாதிரி வருது. கூடம், சமையல் ரூமுன்னு பரவுது. கரண்டு மெயினை அணைச்சேன். ஒரு மணல் மூட்டையைத் தூக்கி ஓட்டை மேல போட்டேன். நிக்கலை. பழைய துணியெல்லாம் திணிச்சேன், இன்னொரு மூட்டை போட்டேன், அதுக்கு மேல அம்மிக்கல்லை உருட்டினேன். கடைசியில நின்னுது. ஆனா நிக்கறதுக்குள்ள தெருத் தண்ணியும் அந்தோணிசாமி சுவத்தைத் தாண்டிருச்சு, என் வீட்டுக்குள்ளயும் தொடை அளவு ஏறிருச்சு. சரி, நிறுத்திட்டோம், இனிமே ஏறாதுன்னு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறேன்.

இப்போ கேளுங்க கூத்தை. மதியம் எங்கயோ கால்வாயில அடைப்பை எடுத்து விட்டாங்க போல, தெருத் தண்ணி விறுவிறுன்னு வடிய ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல தெருவுல கணுக்கால் அளவுதான். அந்தோணிசாமி வீட்டுல துடைப்பம் எடுத்துப் பெருக்கறாங்க. என் வீட்டுக்குள்ள மட்டும் தொடை அளவு அப்படியே நிக்குது. எங்க போகும்? பாத்ரூம் ஓட்டையை நான் அடைச்சுட்டேன். அம்மிக்கல்லு தண்ணிக்கடியில சேத்துல அழுந்திக்கிச்சு, அசைய மாட்டேங்குது. வாசல்ல என் சுவர். ஒரு சொட்டு வெளிய விடலை, அவ்வளவு நேர்த்தி! தெருவுல போறவங்க ஜன்னல் வழியா எங்களைப் பார்த்துக்கிட்டுப் போறாங்க. மீன் தொட்டியில மீனைப் பார்க்கற மாதிரி பார்க்கறாங்க தம்பி.

அது வரைக்கும் எனக்கே உள்ளுக்குள்ள சிரிப்புதான். அப்போதான் கற்பகம் கட்டில்லேர்ந்து, "அம்மா, இடுப்பு வலிக்குதும்மா"ன்னா.

சிரிப்பெல்லாம் போயிருச்சு. உள்ள இருந்த மரப் படி மிதந்து சமையல் ரூமுக்குப் போயிருந்துச்சு. பிடிச்சு இழுத்துட்டு வந்து வெச்சா, நிக்க மாட்டேங்குது, மேல மேல வருது. சுலோச்சனா அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. கற்பகம் தண்ணியில இறங்கி நடந்து வந்து ஒரு காலைத் தூக்கிப் பார்த்தா. நிறை வயிறு தம்பி. எப்படித் தூக்குவா? சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு என்னைப் பார்த்து, "முடியலைப்பா"ன்னா. தொடை வரைக்கும் சேத்துத் தண்ணி, நைட்டி நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, வளைகாப்பு வளையல் கையில கிடக்கு. அந்த நிமிஷம் என் உசுரு போயிருந்தா நல்லாயிருந்திருக்கும்னு நினைச்சேன். நிஜமா நினைச்சேன்.

தினகருக்கு அந்த வாரம் பகல் ஷிஃப்ட், வேலைக்குப் போயிருந்தான். அந்தோணிசாமியைக் கூப்பிட்டேன். கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கிட்டு ஓடி வந்தான். மத்த வீட்டுச் சுவரா இருந்தா நாலு தட்டுல விழுந்திருக்கும். நான் கட்டினதாச்சே. முதல் அடி அடிச்சேன், கை விர்ருன்னு அதிர்ந்துதே தவிர பூச்சுகூட உதிரலை. அவன் வெளியேர்ந்து அடிக்கறான், நான் உள்ளேர்ந்து அடிக்கறேன். "அண்ணே, சிமெண்டு எவ்வளவு கலந்தீங்க?"ங்கறான். "பொண்ணு வருதேன்னு கொஞ்சம் கூடப் போட்டேன்டா"ன்னு சொல்லிக்கிட்டே அழறேன். வாழ்க்கையில நான் உருப்படியா செஞ்ச ஒரே கட்டட வேலை அது. அன்னிக்குப் பார்த்து அப்படி நிக்குது. நடுவுல கம்பி வேற கொடுத்திருக்கேன், அதை அறுக்கணும். தெருவே கூடிருச்சு. ஆளாளுக்கு வந்து மாத்தி மாத்தி அடிச்சாங்க. சுலோச்சனா பொண்ணைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

கடைசியில ஒரு பக்கம் பிளந்துச்சு. பிளந்ததுதான் தாமதம், உள்ள இருந்த தண்ணி அத்தனையும் ஹோன்னு வெளிய பாஞ்சுது. செருப்பு, முறம், வாளி, என் கண்ணாடிக் கூடு எல்லாம் தெருவுக்கு ஓடுது. அப்போதான் பெருக்கி முடிச்ச அந்தோணிசாமி வீட்டு வாசல்ல போய்ச் சேருது. அந்த வருஷம் மூணாவது தெருவுக்கு வெள்ளம் கோதண்டம் வீட்டுலேர்ந்துதான் வந்துச்சுன்னு இன்னிக்கும் பேசிக்கறாங்க. பேசட்டும். அந்தச் சந்து வழியா என் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா. கை ஐஸா இருந்துச்சு. "பரவாயில்லைப்பா, விடுப்பா"ன்னா. அவ எனக்கு ஆறுதல் சொல்றா.

மெயின் ரோட்டுக்கு வந்தா, அங்க மாப்பிள்ளை காரோட நிக்கறாரு. காலையிலேர்ந்தே நிக்கறாராம். எப்படித் தெரிஞ்சு வந்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. டிவியில பார்த்திருப்பாரு.

ஆசுபத்திரிக்குப் போனோம். பொய் வலின்னு சொல்லிட்டாங்க. பயத்துல வந்ததாம். அப்புறம் சம்மந்தி வீட்டுக்குப் போனோம். தம்பி, அந்தம்மாவோட முன்யோசனையைச் சொல்லணும். நாங்க நனைஞ்ச கோழியாட்டம் போய் நிக்கறோம், அங்க ஒரு ரூமே எங்களுக்காகத் தயாரா இருக்கு. அலமாரியைத் திறந்தா குழந்தைக்குக் கிழிச்ச துணி அடுக்கடுக்கா. ஓமப் பொடி இருக்கு. லேகியம் இருக்கு. எங்க வீட்டு ஜாடி மாதிரியே அச்சு அசலா ஒரு ஜாடி, மூடியில விரிசல்கூட அதே இடத்துல. ஒரே கடையில வாங்கியிருப்பாங்க. என் பிரஷர் மாத்திரை இருக்கு, அதே கம்பெனி. எனக்கு மாத்து வேட்டிகூட இருக்கு! சுலோச்சனாகிட்ட சொன்னேன், "பாருடி, இதுக்குப் பேருதான் ஏற்பாடு. நீயும் இருக்கியே, வாரா வாரம் வடகத்தை அனுப்பிக்கிட்டு"ன்னேன். "ஆமாங்க"ன்னா. திலகவதியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. இருமினாங்களா, சிரிச்சாங்களா, தெரியலை.

அடுத்த வாரம் பேத்தி பொறந்தா. சுலோச்சனாதான் பத்தியம் வெச்சா, குளிப்பாட்டினா, சாம்பிராணி போட்டா. எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு, இடம்தான் மாறிப் போச்சு. என்னை ஒரு வார்த்தை யாரும் சொல்லலை தம்பி. ஆனா ஒவ்வொரு வேளையும் அந்த வீட்டுச் சோத்துல கை வைக்கும்போது வளைகாப்பு அன்னிக்கு நான் சபையில நின்னு பேசினது காதுல கேக்கும். அதனால தை பொறந்ததும் வீட்டை ரிப்பேர் பார்க்கறேன்னு சொல்லிட்டு நான் மட்டும் தாம்பரத்துக்கு வந்துட்டேன். வெள்ளை அடிச்சேன், பாத்ரூம் குழாய்க்கு, தண்ணி எதிர்த்து வராத மாதிரி வால்வு போட்டேன். சுவத்து மிச்சத்தைப் பேத்து எடுத்தேன்.

கற்பகத்தை வந்து கொஞ்ச நாள் இரும்மான்னு கூப்பிடணும்னு ஆசைதான். தினமும் போன்ல பேசும்போது நாக்கு நுனி வரைக்கும் வரும். அன்னிக்கு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு "முடியலைப்பா"ன்னு நின்னாளே, அந்த முகம் வந்து முன்னாடி நிக்கும். வாயை மூடிக்குவேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது?

இப்போ மூணாம் மாசம் முடியப் போகுது. பொண்ணையும் பிள்ளையையும் அம்மா வீட்டுலேர்ந்து மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய் விடணும். எங்கேர்ந்து விடறது? நான்தான் ஒரு யோசனை பண்ணேன். நாளைக்குக் காலையில அவங்க ரெண்டு பேரையும் லிஃப்டுல கீழ இறக்கறது, பக்கத்துப் பிள்ளையார் கோவிலை ஒரு சுத்து சுத்தறது, பழத் தட்டோட மறுபடி லிஃப்டுல நாலாவது மாடிக்கு ஏத்திக் காலிங் பெல் அடிக்கறது. சம்மந்தியம்மா கதவைத் திறந்து ஆரத்தி எடுப்பாங்க. முறையும் ஆச்சு, வேலையும் முடிஞ்சுது. கற்பகத்துக்கிட்ட போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் போனை வெச்சுட்டா. நீங்களும் சிரிங்க தம்பி, பரவாயில்லை.

இருங்க, போன் அடிக்குது.

ஹலோ. ஆங், சொல்லு சுலோச்சனா, பஸ்ஸுலதான்டி இருக்கேன். எங்க வரேனா? அம்பத்தூருக்குத்தான், பைபாஸ் ஏறியாச்சு... எந்த வாசல்ல? யார் வீட்டு வாசல்ல?... நம்ம வீடா? எதுக்கு?... யாரு, கற்பகமா? குழந்தையுமா?... சம்மந்தியம்மாவுமா வந்திருக்காங்க? ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?... அவகிட்ட கொடு. கொடுடி.

கற்பகம், என்னம்மா இது?... ம்... ம்... சரிம்மா... பூட்டித்தான் இருக்கும், சாவி என்கிட்ட இருக்கு... இதோ வந்துட்டேன். நிழல்ல நில்லும்மா. அந்தோணிசாமி வீட்டுல போய் உக்காருங்க. இதோ வந்துட்டேன்.

என்ன சொல்றா தெரியுமா தம்பி? லிஃப்டுல இறங்கி ஏறறதெல்லாம் வேணாமாம். அம்மா வீட்டுலேர்ந்துதான் மாமியார் வீட்டுக்குப் போகணும், அதுதான் முறை, நீதானேப்பா சபையில சொன்னேங்கறா. ஒரு மாசம் இருந்துட்டுத்தான் போவேங்கறா. "என் பிள்ளைக்கு அவ தாத்தா வீட்டைக் காட்ட வேணாமா? வந்தா ஆளைக் காணோம், கதவு பூட்டியிருக்கு"ன்னு சண்டை போடறா. சம்மந்தியம்மாவே காரை எடுக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். எனக்கு அழுகை வருது தம்பி. வெக்கமா இருக்கு, ஆனா வருது.

கண்டக்டர் சார்! வண்டியை நிறுத்துங்க சார். ஸ்டாப்பிங் இல்லைன்னா பரவாயில்லை சார், நானும் டிப்போக்காரன்தான், ஓரமா நிறுத்துங்க, இறங்கிக்கறேன். எதிர்ப் பக்கம் போய் வண்டி பிடிக்கணும். என் பொண்ணு பிள்ளையோட என் வீட்டு வாசல்ல நிக்கறா.

அந்தப் பையை எடுங்க தம்பி. ஐயோ, வீட்டுல பால் இல்லை. வெந்நீர் வைக்கக் கேஸ் இல்லை. கட்டிலைக்கூடப் பிரிச்சுப் போட்டிருக்கேன். தூளி கட்ட ஒரு கொக்கி மாட்டலை. எப்பவும் ஆவணியிலயே ஆரம்பிக்கற மனுஷன், இன்னிக்கு ஒரு ஏற்பாடும் பண்ணலையே தம்பி நான்! விலகுங்க, விலகுங்க, இறங்கணும்.